கடலூர் ஈரக்காற்றில் சிலிகான் சோப்பு அச்சு: நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

நான் செய்த மூன்றாவது சோப்பை வெளியே எடுக்க, அதை ஊற்றி வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்ட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு தடவையும் மகனுடைய பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா. கரண்டிக் காம்பை விட்டு நெம்பியதில் சோப்பின் ஓரமெல்லாம் பிய்ந்து போனது. அப்புறம் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே பட்டர் பேப்பர் ஒட்டிப் பார்த்தேன். சோப்பு நன்றாகவே வந்தது. ஆனால் மூலைகளில் பேப்பரை மடித்து ஒட்டவே அரை மணி நேரம் ஆகும். பேப்பரின் சுருக்கம் எல்லாம் அப்படியே சோப்பின் மேல் கோடாகப் பதிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ரப்பர் மாதிரி வளையும் சிலிகான் அச்சுக்கு வந்தேன். 2021 கடைசியில் முதல் அச்சு வாங்கினேன். இதுவரை ஐந்து வாங்கியிருக்கிறேன். அதில் இரண்டுதான் உண்மையிலேயே உழைக்கின்றன. எது ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை நம் ஊர்க் காற்றை நினைத்து எழுதப்பட்டவை அல்ல.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. அரசுப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேலை. எண்ணெயைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடாவோடு பல வருடப் பழக்கம் இருப்பதால் சோப்பு செய்ய எனக்குப் பயம் இல்லை, ஆனால் மரியாதை உண்டு. என் மாமியாருக்கு மார்கழி பிறந்தால் முழங்கால், முழங்கையெல்லாம் செதில் செதிலாக உரியும். கடைச் சோப்பில் எதைப் போட்டாலும் அரிக்கிறது என்று இரவெல்லாம் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்காகத்தான் ஆரம்பித்தேன். விற்பதற்கு இல்லை. விற்க வேண்டுமென்றால் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வாங்க வேண்டும். கேட்பவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன்.

முதல் அச்சு, புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. ஆறு குழி, 120 ரூபாய். கையில் எடுத்தபோதே துணி மாதிரித் தொங்கியது. அப்போது அது குறை என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் 98 கிராம். இரண்டாவது அச்சு, சில மாதம் கழித்து புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் கேக் சாமான் விற்கும் கடை ஒன்றில் வாங்கியது. அதே ஆறு குழி, ஏறக்குறைய அதே அளவு, 260 ரூபாய். எடை 190 கிராம். இந்த எடை வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மெல்லிய அச்சில் சோப்புக் கலவையை ஊற்றியதும் குழியின் சுவர் வெளிப்பக்கமாகப் பிதுங்கும். செவ்வகமாக வர வேண்டிய சோப்பு வயிறு உப்பிய மாதிரி வரும். எட்டாவது மாதத்தில் இரண்டு குழிகளின் மூலை கிழிந்தது. கனமான அச்சு இன்று வரை அப்படியே இருக்கிறது. எழுபது, எண்பது தடவையாவது ஊற்றியிருப்பேன்.

ஆகவே கடையில் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு முனையைப் பிடித்தால் பலகை மாதிரி ஓரளவு நிற்க வேண்டும். ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி முறுக்கிப் பாருங்கள். என் 120 ரூபாய் அச்சில் முறுக்கிய இடம் வெள்ளையாக வெளுத்தது, கனமான அச்சில் நிறம் மாறவில்லை. மட்டச் சரக்கைக் கலந்தால்தான் அப்படி வெளுக்கும் என்று கடைக்காரர் சொன்னார். உள்பக்கத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். உள்பக்கம் பளபளப்பாக இருந்தால் சோப்பும் பளபளப்பாக வரும், சொரசொரப்பாக இருந்தால் சோப்பும் மங்கலாகத்தான் வரும். கீறல் இருந்தால் ஒவ்வொரு சோப்பிலும் அந்தக் கீறல் இருக்கும்.

சிலிகானை ஏன் சோப்புக்குச் சொல்கிறார்கள் என்றால், அது காரத்துக்கு எளிதில் மசியாது, சூட்டையும் தாங்கும். நல்ல சிலிகான் 200 டிகிரி செல்சியஸுக்கு மேலும் தாங்கும். சோப்பு அச்சுக்குள் தானாகச் சூடேறினாலும் அதன் பாதிக்குக்கூடப் போகாது. பேப்பர் ஒட்ட வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். அலுமினியப் பாத்திரம் மட்டும் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். எவர்சில்வர் சரி. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்து மேலே தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இதைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்வதை விட வீட்டில் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஒரு அச்சுக்கு எவ்வளவு எண்ணெய் என்று கண்டுபிடிக்க நான் செய்வது இது. எல்லாக் குழியிலும் தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரைத் தராசில் நிறுத்துவேன். எத்தனை கிராம் வருகிறதோ அதை 0.7 ஆல் பெருக்கினால் எண்ணெயின் எடை வந்துவிடும். என் ஆறு குழி அச்சில் 600 கிராம் தண்ணீர் பிடிக்கிறது. கணக்குப்படி 420 கிராம் எண்ணெய், நான் கொஞ்சம் குறைத்து 415 கிராம் போடுகிறேன். செக்குத் தேங்காய் எண்ணெய் 250, நல்லெண்ணெய் 125, விளக்கெண்ணெய் 40. இதற்குக் காஸ்டிக் சோடா 62 கிராம், தண்ணீர் 145 கிராம். எண்ணெயில் 8 சதவீதம் சோப்பாகாமல் தங்கும் கணக்கு இது. அத்தையின் தோலுக்கு அந்த மிச்ச எண்ணெய் தேவை. எண்ணெய் மாறினால் காஸ்டிக் சோடாவின் அளவும் மாறும். தேங்காய் எண்ணெய்க்கு அதிகம் வேண்டும், நல்லெண்ணெய்க்குக் குறைவு. கண்ணளவில் எதையும் செய்யாதீர்கள். ஒரு கிராம் வரை காட்டும் தராசு இல்லையென்றால் அச்சு வாங்கும் பணத்தில் முதலில் தராசு வாங்குங்கள்.

இனி, கடலூரில் இருப்பவர்களுக்கு முக்கியமான விஷயம்.

எங்கே பார்த்தாலும் 24 மணி நேரத்தில் அச்சிலிருந்து எடுத்துவிடலாம் என்று போட்டிருக்கிறார்கள். நான் முதல் ஆறேழு தடவை அதை நம்பி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மூலை அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. மேல்பக்கம் கெட்டியாக இருக்கும், கட்டை விரலால் அடியிலிருந்து தள்ளினால் அடிப்பக்கம் அல்வா மாதிரி நசுங்கும். அச்சுதான் மட்டம் என்று நினைத்துக் கனமான அச்சை வாங்கினேன். அதிலும் அதேதான். பிறகுதான் காரணம் பிடிபட்டது. மரப்பெட்டியில் பேப்பர் வழியாக, மரத்தின் வழியாக, ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். சிலிகான் நாலு பக்கமும் அடியும் மூடிய கிண்ணம். ஈரம் போக மேல்வாய் ஒன்றுதான் வழி. அந்த வாயிலும் நம் ஊரில் என்ன காற்று படுகிறது? தேவனாம்பட்டினத்துக் கடலிலிருந்து வரும் உப்பும் ஈரமும் சேர்ந்த காற்று. ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியே இரண்டு நாள் காயாத ஊரில், கிண்ணத்துக்குள் இருக்கும் சோப்பு ஒரு நாளில் எப்படி இறுகும்?

இதை எனக்கு முழுசாகப் புரிய வைத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 28 வியாழக்கிழமை இரவு ஆறு சோப்பு ஊற்றி வைத்தேன். 30ஆம் தேதி இரவு புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, கடலூரின் தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. உறவினர் குடும்பம் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. சோப்பை யார் நினைப்பார்? பரண் மேல் ஏற்றியதோடு சரி. டிசம்பர் 7ஆம் தேதி பரணைத் துடைக்கும்போதுதான் கையில் பட்டது. ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஈரத்தில் கெட்டே போயிருக்கும் என்று நினைத்து அடியைத் தள்ளினேன். ஆறும் பொத்தென்று பலகையில் விழுந்தன. மூலை கூராக, பக்கமெல்லாம் கண்ணாடி மாதிரி. அதுவரை நான் செய்ததிலேயே அழகான சோப்பு அவைதான்.

அன்றிலிருந்து சித்திரை, வைகாசியில் இரண்டு நாள், மற்ற மாதங்களில் மூன்று நாள், மழைக்காலத்தில் ஐந்து நாள் என்று விடுகிறேன். நல்லெண்ணெய் அதிகம் சேர்த்தால் இன்னும் ஒரு நாள் கூடுதல். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால் சீக்கிரமே இறுகிவிடும். அவசரமாக எடுக்க வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, 415 கிராம் எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் தூள் உப்பைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிட்டு, அதில் காஸ்டிக் சோடாவைப் போடுவது. சோப்பு சீக்கிரம் கெட்டியாகும். இரண்டாவது, அச்சை ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து எடுப்பது. சுவர் சட்டென்று விலகும். ஆனால் வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றில் சோப்பு முழுக்க முத்து முத்தாக நீர் கோர்க்கும். அது தானாகக் காயும் வரை தொட்டால் விரல் ரேகை பதிந்துவிடும். எந்த வழியானாலும் நேராக அடியைத் தள்ளாமல், முதலில் நாலு சுவரையும் மெதுவாக வெளிப்பக்கம் இழுத்துக் காற்று உள்ளே போக விடுங்கள். அதற்குப் பிறகு அடியைத் தள்ளினால் முழுசாக வரும். எடுத்த பின் நாலு முதல் ஆறு வாரம் காற்றாடக் காயவைப்பதில் மாற்றமில்லை. நான் மழைக்காலத்தில் எட்டு வாரம் விடுகிறேன்.

சூட்டினால் வந்த தொல்லையையும் சொல்ல வேண்டும். ஒரு மே மாதம் தேன் சேர்த்த சோப்பு ஊற்றி, குறிப்பில் சொன்னபடி துண்டு சுற்றி மூடி வைத்தேன். அக்னி நட்சத்திரத்தில் ஓடு போட்ட அறை, போதாக்குறைக்குத் துண்டு, அதோடு தேனின் இனிப்பும் சோப்பைச் சூடேற்றும். மறுநாள் பார்த்தால் சோப்பின் அடியும் பக்கமும் ஆப்பத்தின் நடுப்பகுதி போலப் பொட்டுப் பொட்டாகக் குழி. சிலிகான் சுவரை ஒட்டிய இடத்தில் அதிகச் சூட்டினால் வரும் கொப்புளம் இது. தேய்த்துக் குளிக்க ஒரு குறையும் இல்லை, பார்க்கத்தான் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. நம் வெயிலுக்குத் துண்டே தேவையில்லை. தேன், வெல்லம், பால் சேர்த்தால் மின்விசிறிக்குக் கீழே திறந்து வையுங்கள்.

மூன்றாவதாக வாங்கியது நீளப்பெட்டி அச்சு, ரொட்டி மாதிரி ஊற்றிப் பிறகு துண்டு போடுவது. 480 ரூபாய். 22 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம், 6.5 உயரம். 800 கிராம் எண்ணெய் பிடிக்கும். அச்சு மட்டும் தனியாக விற்றார்கள், நானும் தெரியாமல் வாங்கினேன். ஊற்றிய அரை மணி நேரத்தில் நடுப்பகுதி இருபுறமும் பிதுங்கி, வெட்டிய சோப்பு ஒன்று கூட மற்றொன்றின் அளவில் இல்லை. பிறகு தெரு முனையில் இருக்கும் தச்சர் மிச்ச பிளைவுட்டில் அளவெடுத்து ஒரு கூடு செய்து கொடுத்தார், 150 ரூபாய். அதற்குள் அச்சை இறக்கிய பிறகு ஒரு குறையும் இல்லை. இந்த அச்சு வாங்குவதென்றால் மரக்கூட்டோடு வாங்குங்கள், அல்லது கூடு செய்யக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மார்கழியில் இதில் ஊற்றினால் வெட்டும்போது ஒவ்வொரு துண்டின் நடுவிலும் வட்டமாக ஒரு கருநிழல் தெரியும். நடுவில் மட்டும் சூடு ஏறி, ஓரம் ஏறாததால் வருவது. குணத்தில் வித்தியாசமில்லை.

நான்காவது, ஐந்தாவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாமரைப்பூ அச்சு ஒன்று, பிள்ளையார் அச்சு ஒன்று, நவராத்திரிக்கு வைத்துக் கொடுக்கலாம் என்ற ஆசையில் வாங்கியவை. தாமரையின் எட்டு இதழ் நுனிகளில் குறைந்தது மூன்று அச்சிலேயே தங்கிவிடும். நுணுக்கமான வேலைப்பாட்டுக்குக் கலவையை மோர்க்குழம்பு பதத்திலேயே ஊற்ற வேண்டும். தோசை மாவு பதத்துக்குப் போய்விட்டால் இதழுக்குள் இறங்காது, காற்றுக்குமிழி நிற்கும். பிள்ளையார் நன்றாகத்தான் வந்தார். ஆனால் அத்தை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, சாமியை எப்படி உடம்புல தேய்ச்சுக் குளிக்கிறது?” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் சொன்னது சரிதான். அந்த அச்சு இப்போது மெழுகுவர்த்திக்குப் போய்விட்டது, அதற்கு அருமையாக இருக்கிறது. தாமரையை உருக்கி ஊற்றும் கிளிசரின் சோப்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அந்தச் சோப்பு அச்சிலிருந்து சுலபமாக வரும். ஆனால் எடுத்த உடனே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றாவிட்டால், கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து மேலெல்லாம் வியர்த்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

ஊற்றுவதற்கு முன் அச்சை ஒரு பலகையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்துவிட வேண்டும். ஊற்றிய பிறகு வெறும் கையால் தூக்கினால் நடுவில் வளைந்து கொட்டும். அந்தக் கலவை தோலில் பட்டால் எரியும், உடனே குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். குமிழி போக அச்சைத் தட்டுவதற்கும் பலகையோடு சேர்த்துத் தட்டினால்தான் பலன்.

மணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. சிலிகான் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கனமான அச்சில் ஒரே ஒரு தடவை வேப்ப எண்ணெய் சேர்த்து ஊற்றினேன். அதன் பிறகு ஊற்றிய மூன்று தடவை கஸ்தூரி மஞ்சள் சோப்பிலும் வேப்ப எண்ணெய் வாடை இருந்தது. மொட்டை மாடி வெயிலில் நாலு நாள் காயவைத்த பிறகு குறைந்தது, முழுசாகப் போகவில்லை. வேப்ப எண்ணெய்க்கென்று இன்னொரு மலிவான அச்சு வாங்கிக்கொள்ளலாம், அல்லது வேப்பிலைப் பொடியோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இரண்டாவதைச் செய்கிறேன். இதே காரணத்தால் சோப்பு ஊற்றிய அச்சில் கேக் செய்யவே கூடாது. மகன் ஒரு தடவை கேட்டான், கேக்குக்குத் தனி அச்சு வாங்கிக் கொடுத்து, சோப்பு அச்சின் பின்னால் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.

கழுவுவது சுலபம். ஒட்டியிருக்கும் மிச்சமும் அதற்குள் சோப்பாகியிருக்கும், வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய ஸ்பாஞ்சால் துடைத்தால் போதும். கம்பி நார் போடாதீர்கள். கழுவிய பின் தட்டையாக வையுங்கள். அலமாரியில் எதற்காவது கீழே திணித்து வைத்தால் வளைந்தபடியே பழகிவிடும், அடுத்த சோப்பும் வளைந்து வரும்.

என்னைக் கேட்டால் முதல் அச்சாக ஆறு குழிச் செவ்வகம், கனமானது, வேலைப்பாடு இல்லாதது ஒன்று போதும். 250 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் நட்டமில்லை, என்னுடையது ஊற்றிய ஒரு தடவைக்கு நாலு ரூபாய் கூட ஆகவில்லை. குடும்பம் பெரிசு, மாதம் பத்துச் சோப்பு வேண்டும் என்றால் மரக்கூடு போட்ட நீளப்பெட்டி. அத்தை இரண்டு மார்கழியாகச் சொறியாமல் தூங்குகிறார். எங்கள் பள்ளி கெமிஸ்ட்ரி டீச்சர் போன வாரம் புதுச்சேரி போய், நான் கனமான அச்சு வாங்கிய கடையிலேயே ஆறு குழி அச்சு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் தடவையாக ஊற்றியிருக்கிறார். திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும், “எடுத்துடலாமா?” என்று கேட்டார். மழை வேறு பெய்கிறது, வெள்ளிக்கிழமை வரை தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.